மீற்றரைக் கிணற்றில் எங்கே விடுவது?

நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறியவர்களின் கிணறுகளுக்கு அடியிலும் அதே சுண்ணக்கல்தான். ஆகவே வாளியில் அள்ளிய மேல்நீரை மட்டும் அளந்து 'நல்ல தண்ணி' என்பதை நான் நம்புவதில்லை. பம்ப் உறிஞ்சும் ஆழத்து நீரையும் அளக்க வேண்டும். கண்டபடி இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும்.

மீற்றரும் ஏமாற்றும். அது அளப்பது உப்பையல்ல, மின்கடத்துதிறனை. நீரின் சூடு ஒரு பாகை கூடினால் கடத்துதிறன் ஏறக்குறைய 2 வீதம் கூடும். வெப்பத்தைத் தானே திருத்தும் மீற்றரென்றாலும், முனை நீரின் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். முனையில் காற்றுக்குமிழி ஒட்டினால் வாசிப்பு குறையும், மெல்லத் தட்டிவிடுங்கள். அளக்கமுன், 25 பாகை செல்சியஸில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டவேண்டிய நியமக் கரைசலில் சரிபாருங்கள். கடல்நீர் மீன்தொட்டிக்கென்றால் 53 மில்லிசீமன்ஸ் அளவிலான கரைசல் வேண்டும்.