அச்சமும் மருட்கையும்

விக்கிரமாதித்தன் கதையில் மயானம் உண்டு, பிணம் உண்டு, அதனுட் புகுந்த வேதாளமும் உண்டு. ஆயினும் கேட்கும் சிறுவன் நடுங்குவதில்லை. வேதாளத்தின் புதிருக்கு விடை யாதென்றே காத்திருக்கின்றான். பேய் வரும் கதையெல்லாம் அச்சக் கதையன்று என்பதற்கு இதுவே சான்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தையும் வியப்பாகிய மருட்கையையும் வேறுபிரித்தே ஓதினார். அச்சத்தின் நிலைக்களன் நான்கினுள் அணங்கு ஒன்றே இயற்கை இறந்தது. விலங்கும் கள்வரும் அரசன் முதலிய இறையும் உலகிற் காணப்படுவனவே. மருட்கையோ புதுமை, பெருமை முதலியவற்றாற் பிறப்பது.

புதுமைப்பித்தனின் இரு கதைகள் இவ்வேறுபாட்டை நன்கு விளக்குவன. இரண்டும் 1943 இல் வெளிவந்தவை. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்பதில் சாட்சாத் கடவுளே சென்னைத் தெருவில் தோன்றுகிறார். இதனினும் பெரிய அற்புதம் யாது? எனினும் அஞ்சுவார் எவருமிலர். இருவரும் காப்பி அருந்துகின்றனர். பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஆயுட்சந்தா வாங்கிவிடுகிறார்! வந்தவர் யாரென்பதில் வாசகனுக்கு ஐயமில்லை.

'காஞ்சனை'யில் வருபவள் வெறும் பிச்சைக்காரி. மனைவி இரங்கி அவளை வீட்டுவேலைக்கு வைத்துக்கொள்கிறாள். உறக்கம் வராத கணவனுக்கு நள்ளிரவிற் பிணவாடை வீசுகிறது. வந்தவள் பேயா, அன்றி அவன் மனமே மயங்கியதா? ஆசிரியர் இறுதிவரை தீர்ப்புரைப்பதில்லை. ஐயம் புகுந்த இடம் மயானமன்று, சொந்த வீடு.

எட்கர் ஆலன் போ எழுதி 1843 இல் வெளிவந்த கதையொன்றிற் பேயே இல்லை. தரைப்பலகையின்கீழ் மறைத்த கிழவனின் இதயம் துடிப்பது கொன்றவன் காதிற் கேட்கிறது, அவ்வளவே.