பித்தளை சுருங்கும், எஃகு அடம்பிடிக்கும்

தேசிய சேவையில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூடியூபில் அமெரிக்கர்கள் எஃகு உறை போட்ட தோட்டாவை மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டை மூட்டையாக வாங்கிச் சுடுகிறார்கள். பாதிப் பேர் துப்பாக்கி நாசமாகிவிடும் என்கிறார்கள், மீதிப் பேர் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நாங்கள் சுட்டு முடித்துக் குனிந்து பொறுக்குவதெல்லாம் பித்தளைதான். எஃகு உறையைப் போட்டால் எங்கள் எஸ்ஏஆர் 21 என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. ஆனால் சிங்கப்பூரில் இதைச் சொந்தச் செலவில் சோதித்துப் பார்க்க வழியில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு முஸ்தபா கடைக்குள் நுழைந்தால் பிரஷர் குக்கர் கேஸ்கெட் முதல் தங்கச் சங்கிலி வரை வாங்கலாம், தோட்டா வாங்க முடியாது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் அனுமதியில்லாத ஒற்றைத் தோட்டாவைக்கூட விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அதில் ஒரு நன்மையும் உண்டு: யூடியூப் சத்தம் இல்லை.

தோட்டா உறையைப் பலர் வெறும் டப்பா என்றே நினைக்கிறார்கள். வெடிமருந்தை வைத்துக்கொள்ள ஒரு கிண்ணம், தலையில் ஒரு குண்டு, அவ்வளவுதான் என்று. உண்மையில் அந்த உறைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, உப்புவது. வெடிமருந்து பற்றியதும் 5.56 மி.மீ. தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் 3,500 மடங்குக்கும் மேல். உறையின் சுவர் கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் உப்பி, தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால்தான் வாயு பின்பக்கம் கசியாது. இரண்டாவது வேலை, விடுவது. குண்டு குழலைவிட்டுப் போய் அழுத்தம் இறங்கியதும், சற்று முன் ஒட்டிய சுவரிலிருந்து உறை தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். தானியங்கியோ அரைத் தானியங்கியோ, இவ்வகைத் துப்பாக்கியில் உறையைப் பதமாக ஆட்டி எடுக்க ஆள் கிடையாது. ஒரு சின்னக் கொக்கி அதன் விளிம்பைப் பிடித்து ஒரே வெட்டில் இழுக்கும். வந்தால் வந்தது, வராவிட்டால் துப்பாக்கி அடைத்துக்கொண்டது.

என்னை மயக்குவது இந்த இரண்டாவது வேலைதான். உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம் பள்ளியில் படித்தது நினைவிருக்கும். எஃகுக்கு அது சுமார் 200 கிகாபாஸ்கல், பித்தளைக்கு 110. மீள்தன்மை எல்லையைத் தாண்டி இழுபட்ட உலோகம், விட்டதும் முழுதாகப் பழைய அளவுக்கு வராது, கொஞ்சம்தான் பின்வாங்கும். எவ்வளவு பின்வாங்கும் என்பது, உலோகத்தின் உறுதியை யங் குணகத்தால் வகுத்தால் வந்துவிடும். அடித்து இழுத்துக் கெட்டிப்படுத்திய பித்தளைக்கு இந்தக் கணக்கு ஆயிரத்தில் நாலு பங்கு என்கிறது. சாதாரண மென் எஃகுக்கு ஆயிரத்தில் இரண்டுகூடத் தேறாது. 5.56 உறையின் அடிப்பக்க விட்டம் சுமார் 9.6 மி.மீ. என்பதால், பித்தளை ஏறத்தாழ 0.04 மி.மீ. சுருங்கும், எஃகு அதில் பாதி.

0.02 மி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்றால், ஆமாம். ஏனென்றால் தோட்டா அறையும் கற்சுவர் அல்ல. அதுவும் அழுத்தத்தில் இம்மியளவு விரிந்து, அழுத்தம் இறங்கியதும் பழைய அளவுக்கே திரும்புகிறது. உறை சுருங்குவதைவிட அறை அதிகமாகச் சுருங்கினால், அறை உறையைக் கவ்விக்கொள்ளும். பித்தளை அந்தக் கவ்வலிலிருந்து நழுவுகிறது, மென் எஃகு மாட்டிக்கொள்கிறது. எஃகில் உறை செய்கிறவர்கள் அதைப் பக்குவப்படுத்திக் கெட்டியாக்கப் பாடுபடுவது இதனால்தான். எஃகு கடினமானது, அதனால் துப்பாக்கியைக் கெடுக்கும் என்பது பொதுப் பேச்சு. கணக்கோ, போதிய கெட்டி இல்லாததுதான் சிக்கல் என்கிறது.

அப்படியானால் ஏகே-47 எப்படிக் காலங்காலமாக எஃகு உறையைச் சுட்டுத் தள்ளுகிறது? பதில் வடிவத்தில் இருக்கிறது, அதற்குப் புட்டைப் பார்த்தால் போதும். குழாய்ப் புட்டு நேர் உருளை. ஒட்டிக்கொண்டால் பின்னாலிருந்து குச்சியால் குத்தித் தள்ள வேண்டும், கடைசி அங்குலம் வரை சுவரை உரசிக்கொண்டேதான் வரும். சிரட்டைப் புட்டு அப்படியல்ல. அடி குறுகி வாய் அகன்ற சிரட்டையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினால், ஒரு நூலளவு நகர்ந்ததுமே எல்லாப் பக்கமும் விட்டுவிடும். ஏகேயின் 7.62×39 உறை சிரட்டைப் புட்டு ஜாதி: அடியிலிருந்து தோள்வரை விட்டம் சுமார் 1.3 மி.மீ. குறைகிறது. 5.56 உறை அதைவிட நீளம், ஆனால் குறைவது 0.6 மி.மீ.தான், அதாவது கிட்டத்தட்டக் குழாய்ப் புட்டு. கொக்கி கொஞ்சம் அசைத்ததும் ஏகே உறை முழுதும் விடுபடுகிறது, 5.56 உறை வழிநெடுக உரசுகிறது. மாவு பிசைந்த பக்குவம் உலோகத்தின் கெட்டித்தனம், தேங்காய்த் துருவல் மேற்பூச்சு என்று இன்னும் நீட்டலாம், ஆனால் எந்தப் புட்டும் வினாடிக்குப் பத்து வீதம் வெந்து வெளியே குதிப்பதில்லை என்பதால் இங்கே நிறுத்துகிறேன். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' சுடுவதும் இந்தச் சிரட்டை வகைத் தோட்டாவைத்தான்.

இனி வதந்திக் கணக்கு. எஃகு உறை துருப்பிடிக்காமலிருக்க அரக்குப் பூச்சோ பாலிமர் பூச்சோ கொடுப்பார்கள். சூட்டில் அந்த அரக்கு உருகி அறைக்குள் பசையாக ஒட்டிக்கொள்கிறது என்பது துப்பாக்கிப் பிரியர்களின் நெடுநாள் நம்பிக்கை. உறை அறைக்குள் இருக்கும் நேரமோ மிகக் குறைவு, அந்தப் பூச்சும் சூட்டைத் தாங்கத் தக்கதுதான். நடப்பது வேறு. எஃகு பித்தளையளவு சுலபமாக உப்பாததால், அறையை நன்றாக அடைப்பதில்லை. புகை உறையைச் சுற்றிப் பின்பக்கம் வந்து கரியாகப் படிகிறது. பிறகு பித்தளைத் தோட்டாவைப் போட்டால் அது நன்றாக உப்பி அந்தக் கரியில் பதிந்து சிக்குகிறது. பழி பாவம் அரக்குக்கு.

குழல் தேய்வதும் இப்படித்தான். 2013இல் அமெரிக்காவில் தோட்டா விற்கும் ஒரு நிறுவனம் ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளில் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் தோட்டா என்று இலக்கு வைத்துச் சுட்டுப் பார்த்தது. விற்கிறவரே நடத்திய சோதனை, கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டும். எஃகு உறைத் தோட்டாக்களைச் சுட்ட குழல்கள் சீக்கிரமே தேய்ந்தது உண்மை. ஆனால் உறை குழலுக்குள் போவதே இல்லையே. தேய்த்தது, அந்த மலிவுத் தோட்டாக்களின் குண்டுக்குச் செம்போடு சேர்த்துப் போட்டிருந்த எஃகுச் சட்டை.

வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு பத்தி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பித்தளை செய்யப் போதிய செம்பு கிடைக்கவில்லை, எஃகுக்கு மாறியது. சோவியத் யூனியன் சிக்கனத்துக்காக அதையே வழக்கமாக்கிக்கொண்டது. சிங்கப்பூர் 1967இல் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியதே 5.56 தோட்டா செய்யத்தான். அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தின் பிரிவாக நாணயச் சாலையும் வந்தது. உலோகத் தகட்டை வெட்டி அழுத்தத் தெரிந்தவர்களுக்குக் காசும் தோட்டாவும் ஒரே தொழில். சுவையான விஷயம், ஒரு காசு நாணயம் 1976இல் செம்பு முலாம் பூசிய எஃகுக்கு மாறியது. காசு உப்பவும் வேண்டாம், சுருங்கவும் வேண்டாம். தோட்டா உறை மாறவில்லை.

பித்தளைக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் சுடாமலே வெடிப்பு விட்டன. இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். உங்கள் கையிலிருக்கும் 5.56 உறையின் கழுத்தைக் கவனித்தால், நீலமும் பழுப்புமாக ஒரு கறை வளையம் தெரியும். அழுக்கு என்று தேய்க்காதீர்கள். கழுத்தைச் சுட்டு அந்த இறுக்கத்தை இளக்கியதன் அடையாளம் அது. அடிப்பக்கம் கெட்டியாக, கழுத்து மட்டும் இளக்கமாக, ஒரே துண்டில் இரண்டு குணம்.

எஸ்ஏஆர் 21க்கு வருவோம். விசைக்குப் பின்னால் தோட்டா அறை இருக்கும் வடிவம் அது. உறை வெளியேறும் இடம் சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில். உள்ளே ஏதாவது வெடித்தால் காக்கக் கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள். அவ்வளவு யோசித்துச் செய்த துப்பாக்கியில் நன்றாகச் செய்த எஃகுத் தோட்டாவைப் போட்டால், சுடும். சில தோட்டாக்கள் கூடுதலாகச் சிக்கலாம், அறையை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். நாசமாகும் என்பது மிகை, வித்தியாசமே இல்லை என்பதும் மிகை. தோட்டத்துக் கொட்டகையில் விளையாட்டுக்குச் சுடுபவர் அந்தச் சிக்கலை மிச்சப்பட்ட டாலரில் ஈடுகட்டிக்கொள்ளலாம். ராணுவம் அப்படிக் கணக்குப் போட முடியாது.

எஃகு அடியோடு தோற்றுவிடவும் இல்லை. 2022இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த புதிய 6.8 மி.மீ. தோட்டாவில் அழுத்தம் 5.56ஐவிட மிக அதிகம். அதைத் தாங்க உறையின் அடிப்பகுதியை மட்டும் எஃகில் செய்கிறார்கள். உப்பிச் சுருங்க வேண்டிய உடல்பகுதி அதிலும் பித்தளைதான்.