வீழ்ச்சிக்குப் பின் எழுந்த பெயர்: நெப்போலியனின் பண்பாட்டு எச்சங்கள்

ஆய்வுச் சுருக்கம்

போரில் தோற்று, அரியணையை இழந்து, தொலைதூரத் தீவொன்றில் சிறைப்பட்டு மறைந்த பிரெஞ்சுப் பேரரசர் முதலாம் நெப்போலியனின் பெயர் இரு நூற்றாண்டுகளாக நிலைத்திருப்பதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. படையால் பெற்றவை மறைய, அவர் ஆட்சியோடு தொடர்புடைய எழுத்துகள் நிலைத்தன என்பதும், அவற்றுள் தோல்விக்குப் பின் உருவான நினைவேடே ஏனையவற்றைக் காணும் பார்வையையும் வகுத்தது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நெப்போலியன், குடியியல் சட்டத் தொகுப்பு, நினைவேடு, தொன்மம், மூலபாட ஆய்வு.

முன்னுரை

1804 டிசம்பர் 2ஆம் நாள் பிரெஞ்சுப் பேரரசராக முடிசூடிய நெப்போலியன், 1814 ஏப்ரலில் முடிதுறந்து எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு மீண்டு வந்து ஆட்சியைக் கைப்பற்றிய அவர், ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் தோற்றார். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே உள்ள செயிண்ட் ஹெலினாத் தீவில் ஆங்கிலேயரின் சிறைக்காவலில் இருந்து, 1821 மே 5இல் இறந்தார். 1815 நவம்பரில் கையெழுத்தான பாரிசு உடன்படிக்கை பிரான்சை ஏறத்தாழ 1790ஆம் ஆண்டின் எல்லைக்குள் சுருக்கியது. அதாவது, அவர் ஆட்சியைக் கைப்பற்றியபோது இருந்ததைவிடச் சிறிய நாட்டையே அவர் விட்டுச் சென்றார். நிலத்தைக் கொண்டு அளந்தால் அவருடைய எச்சம் இழப்பே ஆகும். எனினும் ஐரோப்பியச் சட்டம், இலக்கியம், வரலாற்றுச் சிந்தனை ஆகியவற்றில் அவர் பெயரைத் தவிர்க்க இயலவில்லை. இம்முரணுக்கான விடையை எழுத்தின் வழியே தேடுவது பொருத்தமாகும்.

சட்ட நூல்

1804 மார்ச் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட பிரெஞ்சுக் குடியியல் சட்டத் தொகுப்பு 2281 பிரிவுகளைக் கொண்டது. அதற்கு முன்னர்ப் பிரான்சின் வடபகுதியில் பெரிதும் வழக்காறும் தென்பகுதியில் பெரிதும் உரோமானியச் சட்டமும் நிலவின. இவ்வேறுபாட்டை நீக்கி, நாடு முழுமைக்கும் ஒரே சட்டத்தை இத்தொகுப்பு வழங்கியது. இதனை வரைந்தவர் நெப்போலியன் அல்லர். துரோன்ஷே, போர்த்தலீ, பிகோ த பிரியாமெனெ, மால்வில் ஆகிய நால்வர் அடங்கிய குழுவே வரைந்தது. ஆயினும் அரசுப் பேரவையில் நடைபெற்ற விவாத அமர்வுகளுள் ஏறத்தாழப் பாதிக்கு அவரே தலைமை தாங்கினார்.

இச்சட்டத்தின் நடை சுருக்கமும் தெளிவும் உடையது. நாவலாசிரியர் ஸ்தாந்தால் தம் புதினம் ஒன்றை எழுதுங்காலத்து, நடையின் தொனியைப் பெறுவதற்காக இச்சட்டத்தின் சில பக்கங்களைப் படித்ததாக 1840இல் பால்சாக்கிற்கு எழுதிய மடலில் குறிப்பிட்டுள்ளார். சட்டமொழி உரைநடைக்கு முன்மாதிரியான அரிய நிகழ்வு இது.

நெப்போலியன் வீழ்ந்தபின் திரும்பிய பூர்போன் மன்னர்கள் 1816இல் மணமுறிவு உரிமையை நீக்கினர். தொகுப்பையோ தக்கவைத்துக் கொண்டனர். பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் அதனைக் கைவிடவில்லை. நெதர்லாந்தின் 1838ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தாலியின் 1865ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் தாக்கத்தில் எழுந்தன.

தமிழ் நிலத்தோடு இதற்குள்ள தொடர்பும் வீழ்ச்சிக்குப் பிற்பட்டதே. நெப்போலியப் போர்க் காலத்தில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்தது; 1816இல்தான் பிரான்சிடம் மீண்டது. 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் அங்கு நடைமுறைக்கு வந்தபோது, உள்நாட்டு மக்களின் வழக்காறுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1881ஆம் ஆண்டு ஆணை, தம் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு வழிவகுத்தது. அவ்வாறு துறந்தோர் குடும்பப் பெயர் ஒன்றைத் தெரிந்து பதிவு செய்ய வேண்டியிருந்தது. தந்தை பெயரை முன்னிறுத்தும் தமிழ்ப் பெயரிடு மரபின் நடுவே, தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடும்பப் பெயர் புதுச்சேரியில் இவ்வாறு வேரூன்றியது. பேரரசர் ஒருபோதும் காணாத ஊரில், அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், தமிழர் சிலரின் பெயரமைப்பையே அவர் காலச் சட்டம் மாற்றியது எனலாம்.

எகிப்தியப் படையெடுப்பும் அறிவுத் தொகுப்பும்

1798இல் எகிப்து மீது நிகழ்ந்த படையெடுப்பு இராணுவ நோக்கில் தோல்வியுற்றது. 1801இல் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. ஆனால் அப்படையுடன் ஏறத்தாழ 160 அறிஞர்களும் பொறியாளர்களும் ஓவியர்களும் சென்றிருந்தனர். 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல், சரணடைவு உடன்படிக்கையின்படி ஆங்கிலேயரிடம் சென்று, 1802 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கல் கைமாறினும் அதன் படிகள் பிரான்சில் இருந்தன. 1822இல் ஷாம்போலியோன் எகிப்தியச் சித்திர எழுத்தின் ஒலிமுறையை விளக்கியபோது, நெப்போலியன் இறந்து ஓராண்டு கடந்திருந்தது. 1809இல் தொடங்கிய எகிப்து பற்றிய பெருந்தொகுப்பின் வெளியீடும் அவர் வீழ்ச்சிக்குப் பின் 1820களின் இறுதிவரை தொடர்ந்தது. அறிவுத் துறையில் இப்படையெடுப்பின் முதன்மையான பயன்கள் அதன் தலைவர் காணாதவை.

செயிண்ட் ஹெலினா நினைவேடு

மேற்கண்ட இரண்டும் பலரது உழைப்பின் பயன்கள். அவற்றை ஒருவரின் பெயரோடு பிணைத்தது மூன்றாவது வகை எழுத்தாகும். சிறைவாழ்வில் உடனிருந்த லாஸ் காஸ், நெப்போலியனின் உரையாடல்களை நாள்தோறும் குறித்து வந்தார். 1816 இறுதியில் ஆங்கிலேயர் அவரைத் தீவிலிருந்து வெளியேற்றி, அவருடைய தாள்களையும் கைப்பற்றினர். நெப்போலியன் இறந்தபின் அவை திருப்பி அளிக்கப்பட்டன. 1823இல் அவர் வெளியிட்ட 'செயிண்ட் ஹெலினா நினைவேடு' பெரும் வரவேற்பைப் பெற்றது. போர்வெறி கொண்ட ஆதிக்கவாதி என்று எதிரிகள் தூற்றியவர், இந்நூலில் புரட்சியின் கொள்கைகளைக் காத்தவராகவும் தேசிய இனங்களின் நண்பராகவும் காட்சியளிக்கிறார். போர்க்கள வெற்றிகளைவிடக் குடியியல் சட்டமே தமது நிலையான புகழ் என அவர் கூறியதாகப் பரவலாக வழங்கும் கருத்தும், சிறையில் உடனிருந்த மற்றொருவரான மோந்தொலோன் 1847இல் வெளியிட்ட நூல் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது.

இங்கு மூலபாட ஆய்வு இன்றியமையாததாகிறது. தாள்கள் கைப்பற்றப்பட்டபோது ஆங்கிலேய அலுவலர்கள் எடுத்து வைத்த படி, பிரித்தானிய நூலகத்தில் கண்டறியப்பட்டு 2017இல் பதிப்பிக்கப்பட்டது. அதனை 1823ஆம் ஆண்டு அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட அறிஞர்கள், நெப்போலியன் வாய்மொழியாகப் புகழ்பெற்ற சில கூற்றுகள் படியில் இல்லை என்பதை எடுத்துக்காட்டினர். ஓலைச்சுவடிக்கும் அச்சுப் பதிப்புக்கும் இடையே பாடவேறுபாடு காணும் தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதிதன்று. நினைவேட்டில் ஒலிக்கும் குரல் எந்த அளவுக்குப் பேரரசருடையது, எந்த அளவுக்குத் தொகுத்தவருடையது என்ற வினாவை எழுப்பாமல் அதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது.

இலக்கியமும் மக்கள் நினைவும்

ஆயினும் தொன்மத்தின் ஆற்றல் அதன் மெய்ம்மையைச் சார்ந்ததன்று. ஸ்தாந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' (1830) புதினத்தில், தச்சரின் மகனான ஜூலியன் சோரல் இந்நினைவேட்டை உயிரெனப் போற்றுகிறான். எளிய குடியில் பிறந்தோரும் திறமையால் உயரலாம் என்ற நம்பிக்கையை, பிறப்பு முன்னுரிமை மீண்ட காலத்தில், அந்நூல் அவனுக்கு அளிக்கிறது. தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' (1866) அதே முன்மாதிரியின் கொடிய பக்கத்தைக் காட்டுகிறது. மேலோர்க்கு அறம் தடையன்று எனக் கருதும் ரஸ்கோல்னிகோவ், நெப்போலியனை எண்ணியே கொலைக்குத் துணிகிறான். டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்', தனிமனிதரே வரலாற்றை நடத்துகின்றனர் என்ற கருத்தையே மறுக்கிறது. போற்றியோரும் அஞ்சியோரும் மறுத்தோரும் அவரைப் பொருளாகக் கொண்டே சிந்தித்தனர்.

கற்றோர் அல்லாத மக்களிடையே பெராஞ்சேயின் பாடல்களும் எப்பினால் நகரில் அச்சான மலிவு விலைப் படங்களும் இந்நினைவைப் பரப்பின. 1840 டிசம்பர் 15 அன்று அவரது உடல் பாரிசின் இன்வலீது வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 1848 டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் 54 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்று, 1852இல் பேரரசரானார். தொன்மம் ஓர் ஆட்சியையே ஈன்றது.

நினைவேடு மறைத்தவை

இத்தொன்மத்தின் ஒளியில் மறைந்தவை பல. 1794இல் ஒழிக்கப்பட்ட அடிமைமுறையை, நெப்போலியன் முதல் கொன்சலாக இருந்தபோது இயற்றப்பட்ட 1802 மே 20ஆம் நாள் சட்டம் குடியேற்ற நாடுகளில் நிலைநிறுத்தியது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அது இறுதியாக ஒழிந்தது 1848இல்தான். குடியியல் சட்டம் ஆண்களிடையே சமத்துவம் கூறினும், மனைவியைக் கணவனுக்குக் கீழ்ப்படியப் பணித்தது. கணவன் இசைவின்றித் தொழில் புரியவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் பிரெஞ்சு மணப்பெண்கள் 1965வரை காத்திருக்க நேர்ந்தது. அவருடைய படையை வென்று 1804இல் விடுதலை பெற்ற எய்ட்டி, 1825இல் இயற்றிய தன் சட்டத் தொகுப்புக்கு அதே குடியியல் சட்டத்தை மாதிரியாகக் கொண்டது. விடுதலை பெற்றோர் அடக்கியவரின் பெயரை விலக்கி, அவர் காலத்து நூலைத் தம் தேவைக்கு எடுத்துக்கொண்டனர் என இதனைக் கருதலாம். 2021இல் நினைவு இருநூற்றாண்டின்போது பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மக்ரோன், அவர் கல்லறையில் மலர்வளையம் வைத்த அதே நாளில், அடிமைமுறையை மீட்டமையைப் பிழை எனப் பொதுவில் கண்டித்தார்.

முடிவுரை

நெப்போலியனின் எச்சம் எனப்படுவது ஒரே தன்மையது அன்று. சட்டத் தொகுப்பும் எகிப்திய ஆய்வும் பலர் ஆக்கியவை. அவரின்றியும் அவருக்குப் பின்னும் இயங்கியவை. நினைவேடு அவற்றை அவருடைய தனிப்பெருமையாகக் கோத்து, அடிமைமுறையைப் போன்றவற்றை ஒதுக்கி வைத்தது. தோற்றவர் தம் வரலாற்றைத் தாமே சொல்லும் வாய்ப்பைப் பெற்றமையே இதற்கு அடிப்படை. குவாடலூப்பின் அடிமைகளுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. ஆகவே ஒருவரின் பண்பாட்டு எச்சத்தை மதிப்பிடுவோர், எஞ்சியது யாது என்பதோடு, அதனை எஞ்சச் செய்த எழுத்து யாருடையது, அதில் இடம்பெறாதோர் யாவர் என்பவற்றையும் ஒருங்கே ஆராய வேண்டும்.