பொப்ளர் வீதிகளில் ஒரு மருத்துவிச்சி

ஞாயிறு இரவு எட்டு மணி. பிரித்தானிய இல்லங்கள் பலவற்றில் அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டார்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திரையில் இரண்டு பிள்ளைகளாவது பிறக்கும், பார்ப்பவர்களில் ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார். 2012 ஜனவரி 15ஆம் திகதி பி.பி.சி.யின் முதலாம் அலைவரிசையில் ஆரம்பித்த 'கோல் த மிட்வைப்' என்னும் தொடர் நாடகம், அன்றிலிருந்து ஆண்டு தவறாது இந்த நாட்டு மக்களைக் கலங்க வைத்து வருகின்றது. 'மருத்துவிச்சியைக் கூப்பிடுங்கள்' என்பதே அத்தலைப்பின் பொருள்.

முதலில் ஆறு அங்கங்களுக்கு மட்டுமே இடமளிக்கப்பட்டிருந்தது. கொலையும் துப்பறிதலும் இல்லாத, பிரபுக்களின் மாளிகையும் இல்லாத ஒரு நாடகம். ஏழைத் தொழிலாளரின் வாடகை அறைகளில் பெண்கள் வேதனைப்பட்டுப் பிள்ளை பெறுவதை வாராவாரம் காட்டும் நாடகம். இதை யார் உட்கார்ந்து பார்க்கப் போகின்றார்கள் என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பார்த்தார்கள். முதல் அங்கம் ஒளிபரப்பாகிய கையோடு இரண்டாவது தொடருக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டது.

பழங்காலத்தைச் சர்க்கரைப் பாகில் தோய்த்துத் தரும் நாடகம் என்று ஏளனம் செய்யும் விமர்சகர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கின்றார்கள். சைக்கிள் ஓட்டும் கன்னியாஸ்திரிகள், கொடியில் காயும் வெள்ளைத் துணிகள், இறுதியில் வனெசா ரெட்கிரேவின் கனிந்த குரல் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் பார்வையாளர் எதற்காக அழுகின்றார்கள் என்பதைச் சற்று நின்று கவனித்தால் கதை வேறு.

கதை நிகழும் இடம் கிழக்கு இலண்டனின் பொப்ளர். எம்மவர் செறிந்து வாழும் ஈஸ்ற்ஹாமிலிருந்து சில மைல் தூரந்தான். இன்று கனறி வோர்வின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கும் இடத்தில் அன்று கப்பல்துறைகள் இருந்தன. கப்பலில் சுமையேற்றி இறக்கும் தொழிலாளரின் குடும்பங்கள், யுத்தக் குண்டுகளுக்குத் தப்பிய இடிபாட்டுக் குடியிருப்புகளில், ஓர் அறைக்குள் ஏழெட்டுப் பேராக வாழ்ந்தன. 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை உதயமான பின்னர், அந்த வீடுகளின் மாடிப்படிகளில் மருத்துவிச்சி ஏறி வந்தபோது கூலி எவ்வளவு என்று எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நாடகம் 1957இல் ஆரம்பிக்கின்றது.

இது கற்பனையில் மட்டும் விளைந்ததன்று. அக்காலத்தில் அங்கே பணியாற்றிய ஜெனிபர் வேர்த் என்பவரின் நினைவுக் குறிப்புகளே இதற்கு மூலம். ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரிகளின் மடமொன்றில் தங்கி மருத்துவிச்சித் தொழில் பயின்றவர் அவர். பின்னாளில் அத்தொழிலை விட்டுச் சங்கீதத்தின் பக்கம் போய்விட்டார். 1998இல் மருத்துவிச்சிகளுக்கான சஞ்சிகையொன்றில் ரெரி கோட்ஸ் என்னும் மருத்துவிச்சி ஒரு கட்டுரை எழுதினார். இலக்கியத்தில் எங்கு தேடினாலும் மருத்துவிச்சியைக் காணோமே என்பது அவரது ஆதங்கம். மிருக வைத்தியர்களின் வாழ்வை ஜேம்ஸ் ஹெரியட் எழுதியதுபோல எம் தொழிலைப் பற்றி எவராவது எழுத மாட்டார்களா என்று கேட்டிருந்தார். மாட்டுக்குப் பேறு பார்த்தவர் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றுவிட்டார், மனுஷிக்குப் பேறு பார்த்தவளுக்குத்தான் ஒரு பக்கமும் இல்லை! அதை வாசித்த வேர்த் எழுத உட்கார்ந்தார். 2002இல் சிறு பதிப்பகமொன்றின் மூலம் நூல் வெளிவந்தது. 2007இல் பெரிய பதிப்பகம் மீண்டும் அச்சிட்டபோது இலட்சக்கணக்கில் விற்றது. ஹெய்டி தோமஸ் அதை நாடகமாக்கினார். கோட்ஸ் நாடகத்தின் தொழில்முறை ஆலோசகரானார். வேர்த் மாத்திரம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. முதல் அங்கம் ஒளிபரப்பாவதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்னர், 2011 மே மாதத்தில் அவர் காலமானார்.

அந்த முதல் அங்கத்திலேயே வருபவள் கொன்சிற்றா. ஸ்பானியப் பெண். 24 பிள்ளைகளைப் பெற்று 25ஆவதைச் சுமப்பவள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, கணவனுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. பிள்ளைகளே இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பார்கள். குளிர்காலத்தில் வழுக்கி விழுந்ததனால் மாதம் நிறையாமலே பிள்ளை பிறந்துவிடுகின்றது. கைக்குள் அடங்கும் சிசு. வைத்தியசாலைக்குக் கொண்டு போகவேண்டும் என்கின்றார்கள் வந்தவர்கள். அவளோ பிள்ளையைக் கொடுக்க மறுக்கின்றாள். என்ன சொல்கின்றார்கள் என்பது அவளுக்கு விளங்கவில்லை. தன்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கின்றார்கள் என்பது மட்டும் விளங்குகின்றது. மார்போடு தோலும் தோலும் ஒட்ட அணைத்து, துளித்துளியாகப் பால் புகட்டி அப்பிள்ளையைக் காப்பாற்றிவிடுகின்றாள்.

நாடகம் முழுவதிலும் பலர் மறக்காத காட்சிகளுள் இதுவும் ஒன்று. கொன்சிற்றா தன் அறிவினாற் செய்த அதே முறையை, 1978 அளவில் கொலம்பியாவின் தலைநகர் பொகொற்றாவில் வைத்தியர்கள் கையாளத் தொடங்கினார்கள். கருவி போதாமையால் தொடங்கிய அம்முறை இன்று 'கங்காரு பராமரிப்பு' என்ற பெயரில் உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகின்றது. படித்தவர்கள் இருபது ஆண்டுகள் கழித்துக் கண்டுபிடித்ததை ஆங்கிலம் அறியாத ஒரு தாய் முன்னமே அறிந்திருந்தாள் என்பது ஒரு புறம். எங்களை உலுக்குவது இன்னொன்று. மொழி தெரியாத நாட்டில், தாயும் தமக்கையும் பக்கத்தில் இல்லாமல், சுற்றி நிற்பவர்கள் தன்னைப் பற்றித்தான் பேசுகின்றார்கள் என்பது மட்டும் தெரிந்த நிலையில், பிரசவக் கட்டிலில் கிடந்த எம் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குக் கொன்சிற்றா திரையில் வரும் அந்நியப் பெண்ணல்லள்.

எனினும் பார்வையாளர் பேசிக் கலங்கியது எல்லாவற்றையும் விடத் தலிடோமைட் கதையைத்தான். 1958இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, கர்ப்பிணிகளின் காலை மசக்கைக்கும் நித்திரையின்மைக்கும் கொடுக்கப்பட்டது. கை கால் வளராமற் பிள்ளைகள் பிறக்கத் தொடங்கின. 1961 இறுதியில் மருந்து நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ 10,000 என்பர். நாடகத்தில் டொக்டர் ரேர்ணர் நல்லெண்ணத்துடன் இதே மருந்தை எழுதிக் கொடுக்கின்றார். போத்தலின் பெயரைத் திரையில் கண்டதுமே பார்ப்பவர்களுக்கு விளங்கிவிடுகின்றது. கதாபாத்திரங்களுக்கோ ஒன்றும் தெரியாது. வரப்போவதை அறிந்திருந்தும் கத்திச் சொல்ல முடியாத நிலை. 2016 ஜனவரியில் ரோடா என்னும் தாய்க்கு சூசன் பிறந்த அங்கம் ஒளிபரப்பாகியபோது, அந்நாளிற் பிறந்து இன்று முதுமையை எட்டும் தலிடோமைட் 'பிள்ளைகள்' தம் வீடுகளில் இருந்து அதைப் பார்த்தார்கள். தாம் பிறந்த அறையில் என்ன நடந்தது, தம்மை முதன்முதலில் ஏந்தியவர்களின் முகம் எப்படி மாறியது என்பதை அவர்கள் பார்க்கக் கிடைத்த முதற் சந்தர்ப்பம் அதுவாகவே பலருக்கு இருந்திருக்கும். பிரித்தானிய அரசாங்கம் முறைப்படி வருத்தம் தெரிவித்ததே 2010இல்தான். பிறந்து அரை நூற்றாண்டு கடந்தபின் வந்த வருத்தம்!

கண்ணீர் மட்டுமே எதிரொலியன்று, கண்டனமும் எழுந்ததுண்டு. சட்டவிரோதக் கருக்கலைப்பினால் பெண்கள் உயிரிழந்த காலத்தை 2019ஆம் ஆண்டின் தொடர் காட்டியது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இருந்த நிலை அது. இத்தகைய காட்சிகளுக்குப் பின்னர் உதவி பெறுவதற்கான விபரங்களைத் தருவது பி.பி.சி.யின் வழமை. இவ்விடயத்தில் மாத்திரம் விபரம் தரப்படவில்லை. சர்ச்சைக்குரிய விடயம் என்பது சொல்லப்பட்ட காரணம். மருத்துவிச்சிகளின் கல்லூரியும் மகப்பேற்று வைத்தியர்களின் கல்லூரியும் சேர்ந்து கண்டனக் கடிதம் எழுதின. காட்டத் துணிந்தவர்கள் சொல்லத் தயங்கியது எமக்கும் விந்தையாகவே பட்டது.

'எல்லாவற்றிலும் நிறப் பிரச்சினையை நுழைக்கின்றார்கள்' என்ற முணுமுணுப்பும் கேட்டது. 2018இல் லூசில் என்னும் மேற்கிந்தியத் தீவு மருத்துவிச்சி கதைக்குள் வந்தாள். 2023இல் ஒளிபரப்பான தொடர் 1968க்கு வந்தபோது, குடியேறுவோருக்கு எதிராக ஏனொக் பவல் ஆற்றிய பேச்சும் அதனால் லூசில் உடைந்துபோவதும் இடம்பெற்றன. முணுமுணுப்போர் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நன்று. அந்தப் பேச்சு நிகழ்ந்து மூன்று நாட்களில் பவலுக்கு ஆதரவாக வெஸ்ற்மின்ஸ்ரருக்கு ஊர்வலம் போனவர்கள் இதே கிழக்கு இலண்டன் கப்பல்துறைத் தொழிலாளர்கள். அவர்களுடைய பிள்ளைகளை ஏந்திய கைகளுள் கறுத்த கைகளும் இருந்தன. அதைச் சொல்லாமல் பொப்ளரின் கதையைச் சொல்ல முடியாது.

இனி, இன்றைய மருத்துவிச்சிகள் இதை எப்படிப் பார்க்கின்றார்கள்? பெருமையோடும் பெருமூச்சோடும் என்று சொல்லலாம். நாடகம் வந்தபின் இத்தொழிலைக் கற்க விரும்பும் இளம் பெண்களின் தொகை கூடியதாகச் செய்திகள் வந்தன. ஆனால் கற்று முடித்து வருபவர்களுக்குக் காத்திருப்பது சைக்கிளும் சிரித்த முகமும் அன்று. நாடகத்தில் கர்ப்பம் தரித்த நாள் முதல் பிள்ளை பெற்று இரண்டு வாரம் வரை அதே முகம், அதே குரல், பெயர் சொல்லி அழைக்கும் அதே மருத்துவிச்சி. 1950களில் இங்கிலாந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் வீட்டிற் பிறந்தன. 1970இல் பீல் குழு, பிரசவங்கள் அனைத்தும் வைத்தியசாலையிலேயே நிகழ வழி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது; சில ஆண்டுகளுக்குள் வீட்டுப் பிரசவம் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதனால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுக்கக்கூடாது. வீட்டில் இரத்தப்பெருக்கால் இறந்த தாய்மாரையும் இந்நாடகம் மறைக்கவில்லை. ஆயினும் தாயை அறிந்த ஒருத்தி இல்லாமற் போனபோது என்ன நிகழும் என்பதற்கு 2022 மார்ச்சில் வெளிவந்த ஒக்கென்டன் அறிக்கை சாட்சி. ஷ்ரூஸ்பரி, ரெல்போர்ட் வைத்தியசாலைகளில் நல்ல கவனிப்புக் கிடைத்திருந்தால் 201 சிசுக்கள் பிழைத்திருக்கலாம் என்றது அவ்வறிக்கை. தாம் சொன்னதை எவரும் செவிமடுக்கவில்லை என்பதே பெற்றோரின் முறைப்பாடாக இருந்தது.

பார்வையாளரின் கண்ணீரும் இங்குதான் ஊறுகின்றது என்று நாம் கருதுகின்றோம். பிறக்கும் பிள்ளைக்காக மட்டும் அவர்கள் அழவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு வந்து, கட்டிலருகே அமர்ந்து, அவசரப்படாமல் கேட்ட ஒருத்திக்காக அழுகின்றார்கள்.

எமக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். ஊரில் மருத்துவிச்சி என்றால் எல்லா வீட்டுக்கும் உரிமைக்காரி. பிள்ளை பிறந்தபின் தாய்க்குக் காயமும் சரக்குக் கறியும் பக்குவமாகக் கொடுத்து, 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை ஒரு வீடே அவளைச் சுற்றி நின்றது. இன்னொன்றையும் இங்கு நினைவூட்டலாம். மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மகப்பேற்று வைத்திய நூலொன்றைத் தமிழில் ஆக்கி 1857இல் வெளியிட்டார். தாய்மொழியில் விளங்கினாற்றான் உயிர் பிழைக்கும் என்பதை அன்றே உணர்ந்த மனிதர் அவர்.

அந்த உணர்வு இன்று இந்த நாட்டு வைத்தியசாலைகளில் எம் பெண்களுக்குக் கிடைக்கின்றதா? 2017 முதல் 2019 வரையான காலத்தை ஆராய்ந்த தேசிய அறிக்கை, பிரசவத்தோடு தொடர்புடைய மரணம் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களிடையே நான்கு மடங்குக்கு மேல் என்றும், ஆசியப் பெண்களிடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றும் கூறியது. பின்வந்த அறிக்கைகளில் இடைவெளி குறைந்துள்ளது; மறைந்துவிடவில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எம் கையில் இருப்பது மொழி. வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டது என்பதை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கிக் கணவன் வேலையால் வரும்வரை காத்திருப்பவர்கள் இன்றும் உளர். பத்து வயது மகளை மொழிபெயர்க்கப் பக்கத்தில் நிறுத்துவோரும் உளர். தாயின் உடலைப் பற்றிய வினாக்களுக்கு அக்குழந்தை எதைச் சொல்லும், எதை விழுங்கும்?

பிரித்தானியச் சுகாதார சேவைக்கான வழிகாட்டல் 2010ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாகச் சொல்லியுள்ளது. ஆங்கிலம் சரிவரப் பேசாத கர்ப்பிணிக்கு மொழிபெயர்ப்பாளர் ஒழுங்கு செய்யப்படல் வேண்டும். அவர் கணவராகவோ குடும்பத்தவராகவோ இருத்தலாகாது. இதற்குக் கட்டணம் இல்லை. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் விண்ணப்பித்துக் காத்திருப்பவர்களும் பிரசவப் பராமரிப்புக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை. வீசா நிலை எதுவாயினும் அப்பராமரிப்பை மறுக்கவோ தாமதிக்கவோ முடியாது. முதற் சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். நேரில் வர எவரும் இல்லையெனில் தொலைபேசி மூலமாயினும் ஒருவரை இணைக்கக் கேட்கலாம். அடுத்தடுத்த சந்திப்புகளிலும் அதே மருத்துவிச்சியைக் காண விரும்புவதாகவும் கேட்கலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது. கேட்டவர்களுக்குச் சில இடங்களிலாவது கிடைத்திருக்கின்றது.