அத்தைக்கு இந்தி தெரியாது, ஆனால் அழுதாள்!
முதன்முதலாக இந்திப் படம் பார்க்கிறவர்கள் எதில் தொடங்கலாம்?

என் அத்தைக்கு வயது 72. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். இந்தியில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. "அச்சா!"

போன வருஷம் எங்களோடு இருக்க வந்தாள்.

"ஒரு நல்ல இந்திப் படமாப் போடு தம்பி, பார்ப்போம்" என்றாள் ஒருநாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். இருப்பதிலேயே பெரிய படத்தைக் காட்டி, அத்தையை அசத்திவிட வேண்டும் என்று நினைத்தேன். "மொகல்-ஏ-ஆஜம்" போட்டேன்.

1960-ல் வந்த படம் அது. டைரக்டர் கே.ஆசிப் பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு எடுத்தது. திலீப்குமார், மதுபாலா, பிருதிவிராஜ் கபூர் நடித்தது. கண்ணாடி மாளிகையில் மதுபாலா ஆடும் ஆட்டத்தைக் காண, அந்த நாளில் ஜனங்கள் கொட்டகைகளில் அலை மோதினார்கள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பிப் பார்த்தேன்.

அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள்!

"நமக்கு இந்திப் படம் ஒத்துவராது தம்பி" என்றாள் மறுநாள். அடித்துச் சொல்லிவிட்டாள்.

தப்பு யார் மேல்? அத்தை மேல் இல்லை. படத்தின் மேலும் இல்லை. என் மேல்தான்!

அரண்மனைப் பேச்சு

"மொகல்-ஏ-ஆஜம்" அருமையான படம். ஆனால் அதன் உயிர் வசனத்தில் இருக்கிறது. அக்பர் சக்கரவர்த்தியும் மகன் சலீமும் பேசும் பேச்சு, உயர்ந்த உருது. இந்தி பேசுகிறவர்களே சில வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்பார்கள். படமும் மூன்றேகால் மணி நேரம்.

அடியில் எழுத்து ஓடியது. அது இங்கிலீஷ். தமிழாக இருந்தாலும் அத்தைக்குக் கஷ்டம்தான். அவள் படித்தது அறிவொளி வகுப்பில். நாற்பது வயதுக்கு மேல். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அவள் முதல் வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள், அடியில் நாலு வரி ஓடிவிடும்.

முதலில் பார்க்கிற படம் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது படத்துக்கு ஆள் வர மாட்டார்கள். எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. "இந்திப் படமா? வேண்டாம்!" என்று ஒதுங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒரு பொருந்தாத படம் முதலில் அகப்பட்டிருக்கும்.

இரண்டு பிகா நிலம்

ஒரு மாதம் கழித்து, ஒரு மழை நாள். வேறு வேலை இல்லை. "இன்னும் ஒரே ஒரு படம், அத்தை. பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுகிறேன்" என்றேன்.

இந்தத் தடவை போட்டது "தோ பிகா ஜமீன்". 1953-ல் பிமல் ராய் எடுத்த படம். "இரண்டு பிகா நிலம்" என்று அர்த்தம். வங்காளக் கணக்கில் இரண்டு பிகா என்பது ஏறக்குறைய 66 செண்டு.

படம் தொடங்கும் முன்பே கதையைத் தமிழில் சொல்லிவிட்டேன்.

ஷம்பு ஓர் ஏழைக் குடியானவன். ஊர் ஜமீன்தாருக்கு அவன் நிலத்தின் மேல் கண். அங்கே ஆலை கட்ட வேண்டும். ஷம்பு நிலத்தைத் தர மறுக்கிறான். "அப்படியானால் கடனை அடை" என்கிறார் ஜமீன்தார். கடன் 65 ரூபாய். வீட்டுச் சாமான்களையும் மனைவியின் காதணியையும் விற்றுப் பணத்தோடு போகிறான். போய்ப் பார்த்தால், காகிதத்தில் 235 ரூபாய்! கணக்கைத் திருத்திவிட்டார்கள். கோர்ட்டு மூன்று மாதத் தவணை கொடுக்கிறது. ஷம்பு கல்கத்தாவுக்குப் போய் ரிக்ஷா இழுக்கிறான். கூடவே வந்த சின்ன மகன் தெருவில் பூட்சுக்குப் பாலீஷ் போடுகிறான்.

இவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் அத்தைக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு காட்சி. ரிக்ஷாவில் இருக்கும் ஆசாமி, முன்னால் போகும் இன்னொரு ரிக்ஷாவைப் பிடிக்கச் சொல்கிறான். வேகமாக ஓடினால் கூடுதல் பணம் என்கிறான். ஷம்பு ஓடுகிறான். இன்னும் வேகம், இன்னும் பணம். குதிரை மாதிரி ஓடுகிறான். சக்கரம் கழன்றுவிடுகிறது. விழுகிறான்.

"ஐயோ!" என்று அத்தை எழுந்தே விட்டாள்.

கடைசிக் காட்சி. நிலம் போய்விட்டது. அங்கே ஆலை எழும்புகிறது. ஷம்பு ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவல்காரன் அதைக்கூட விடவில்லை.

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெகு நேரம் பேசவில்லை.

"உங்க மாமா வச்ச கைநாட்டும் இப்படித்தான் தம்பி" என்றாள் பிறகு. "நாம வாங்கினது ஒரு கணக்கு. அவன் எழுதினது ஒரு கணக்கு. ஒண்ணேகால் ஏக்கர் போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நிலம் கை மாறியது எனக்குத் தெரியும். எப்படிப் போயிற்று என்று அத்தை அதுவரை எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

நடித்தவர் யார்?

ஷம்புவாக நடித்த பால்ராஜ் சஹானி குடியானவர் அல்ல. கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர். லண்டனில் பி.பி.சி. ரேடியோவில் வேலை பார்த்தவர்.

இந்தப் படத்துக்காக அவர் நிஜமாகவே ரிக்ஷா இழுத்துப் பழகினார். ஆனாலும் மனதில் ஒரு பயம். "படித்த நான் எங்கே, பட்டிக்காட்டு ஷம்பு எங்கே?" என்று தவித்தார். அப்போது ஒரு ரிக்ஷாக்காரரைச் சந்தித்தார். படத்தின் கதையை அவரிடம் சொன்னார். அந்த மனிதர் கண் கலங்கிவிட்டார். அவருக்கும் ஊரில் இரண்டு பிகா நிலம். அதுவும் ஜமீன்தாரிடம் அடமானத்தில் இருந்தது! அதற்குப் பிறகே தமக்குத் தைரியம் வந்தது என்று சஹானி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1954-ல் பிரான்சு நாட்டின் கேன்ஸ் பட விழாவில் இந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது.

யாருக்கு எந்தப் படம்?

அன்று நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். புதிதாகப் பார்க்கிறவருக்கு, பேர்போன படத்தைத் தேடாதீர்கள். அவர் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கும் படத்தைத் தேடுங்கள்!

தாய்மார்களுக்கு: "மதர் இந்தியா" (1957). டைரக்டர் மெஹபூப் கான். புருஷன் விட்டுப் போன பிறகு, ஏர் பிடித்துக் குழந்தைகளை வளர்க்கும் தாய், ராதா. ஒரு பிள்ளை கெட்டு அலைகிறான். ஊர்ப் பெண்ணின் மானத்துக்கு ஆபத்து வரும்போது, பெற்ற பிள்ளை என்றும் பாராமல் துப்பாக்கியைத் தூக்குகிறாள். ராதாவாக நடித்த நர்கீசுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. படப்பிடிப்பில் தீப்பிடித்தபோது, மகனாக நடித்த சுனில் தத் பாய்ந்து அவரைக் காப்பாற்றினார். 1958-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது! ஆஸ்கார் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம் பிடித்த முதல் இந்தியப் படமும் இதுதான்.

பையன்களுக்கு: "லகான்" (2001). வெள்ளைக்காரன் காலம். மழை இல்லை. வரி கட்ட வழி இல்லை. "எங்களோடு கிரிக்கெட் ஆடி ஜெயித்தால் மூன்று வருஷம் வரி இல்லை; தோற்றால் மூன்று மடங்கு" என்கிறான் ஓர் ஆங்கில அதிகாரி. மட்டையே பிடித்தறியாத கிராமத்தார் ஆடுகிறார்கள்! அமீர்கான் நடித்தது. இசை, நம் ஏ.ஆர்.ரகுமான். மூன்றே முக்கால் மணி நேரப் படம். இரண்டு நாளாகப் பிரித்துப் பாருங்கள். கிரிக்கெட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

பாட்டுப் பிரியர்களுக்கு: "ஆவாரா" (1951). ராஜ் கபூர் எடுத்து நடித்தது. தகப்பன் நீதிபதி, மகன் திருடன். நீதிபதியாக வருகிறவர் ராஜ் கபூரின் சொந்தத் தகப்பனார் பிருதிவிராஜ். சிறு வயது மகனாக வருவது தம்பி சசி கபூர். தாத்தாகூட ஒரு காட்சியில் தலை காட்டுகிறார்! சோவியத் ரஷ்யாவில் இந்தப் படம் சக்கைப்போடு போட்டது. ரஷ்யர்கள் இதன் பாட்டை இந்தியிலேயே முணுமுணுத்தார்கள்.

சண்டைப் பிரியர்களுக்கு: "ஷோலே" (1975). கொள்ளைக்காரன் கப்பர் சிங்காக வரும் அம்ஜத் கானை மறக்க முடியாது. பம்பாய் மினர்வா கொட்டகையில் ஐந்து வருஷத்துக்கு மேல் ஓடிய படம். பாறையும் மலையுமாக வரும் அந்த ஊர் வடக்கே இல்லை. பெங்களூர் - மைசூர் ரெயில் பாதையில் உள்ள ராமநகரம்! சின்னக் குழந்தைகளை உட்கார வைக்க வேண்டாம். கொடூரமான காட்சிகள் உண்டு.

தெரிந்த கதை, புது முகம்

இன்னும் ஒரு சுலபமான வழி இருக்கிறது.

இந்திக் கதைகள் பலவற்றை நீங்கள் ஏற்கெனவே தமிழில் பார்த்திருக்கிறீர்கள்! ரஜினிகாந்தின் "பில்லா" (1980) எங்கிருந்து வந்தது? அமிதாப் பச்சனின் "டான்" (1978). "தீ" (1981)? அது "தீவார்" (1975). "தில்லு முல்லு" (1981)? அது "கோல் மால்" (1979). கமல்ஹாசனின் "வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்." (2004)? அது "முன்னாபாய் எம்.பி.பி.எஸ்." (2003). விஜய் நடித்த "நண்பன்" (2012)? அது "3 இடியட்ஸ்" (2009).

கதை தெரிந்திருப்பதால் வசனத்தைத் துரத்த வேண்டியதில்லை. நடிப்பைப் பார்க்கலாம். சிரிப்புப் படத்துக்கு இந்த வழிதான் நல்லது. சிரிப்பு பெரும்பாலும் பேச்சில் இருக்கும். மொழி தெரியாதவருக்கு அது போய்ச் சேராது. "தில்லு முல்லு" பார்த்தவர்களோ, மீசையைக் கண்டவுடனே "கோல் மாலு"க்குச் சிரிப்பார்கள்!

"தீவார்" ஓடியபோது அத்தை டக்கென்று சொன்னாள்: "இந்த அம்மா அந்த ரிக்ஷாக்காரன் பொண்டாட்டி இல்லே?"

ஆமாம்! "தோ பிகா ஜமீன்" படத்தில் ஷம்புவின் மனைவியாக நடித்த நிரூபா ராய்தான், 22 வருஷம் கழித்து "தீவார்" படத்தின் தாய்.

நம் ஊர் முகங்களும் உண்டு. குரு தத்தின் "பியாசா" (1957) படத்தில் நடித்த வகீதா ரகுமான் செங்கல்பட்டில் பிறந்தவர். சென்னை வைஜயந்திமாலா, ஏவி.எம்.மின் "வாழ்க்கை"யில் அறிமுகமாகி, அதே கதையின் இந்திப் படமான "பஹார்" (1951) மூலம் வடக்கே போனவர்.

மூன்று யோசனைகள்

ஒன்று: படம் தொடங்கும் முன் கதையைத் தமிழில் சொல்லிவிடுங்கள். முடிவை மட்டும் சொல்ல வேண்டாம்.

இரண்டு: அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கச் சொல்லிப் பெரியவர்களை வருத்தாதீர்கள். வீட்டில் ஒருவர் முக்கியமான இடத்தில் படத்தை நிறுத்தி, ஒரு வரியில் சொன்னால் போதும்.

மூன்று: நேரம் அறிந்து போடுங்கள். "ஆனந்த்" (1971) என்று ஒரு படம். ரிஷிகேஷ் முகர்ஜி டைரக்டர். புற்றுநோயால் சாகப்போகும் ராஜேஷ் கன்னா எல்லோரையும் சிரிக்க வைப்பார். அமிதாப் பச்சன் டாக்டர். வில்லன் இல்லை, சண்டை இல்லை. தங்கமான படம். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டில் அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

இந்த மூன்றாவது யோசனை என்னுடையது அல்ல. அத்தையுடையது!

அடுத்த வீட்டு அம்மாள் கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். "எனக்கும் ஒரு படம் போடுங்களேன்" என்று பேரனோடு வந்தார். நான் "ஆனந்த்" படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அது இப்போ வேண்டாம் தம்பி. பேரன் மட்டையும் கையுமா வந்திருக்கான் பாரு. அந்தக் கிரிக்கெட்டுப் படத்தைப் போடு."

"லகான்" போட்டேன். கடைசிப் பந்துக்குப் பேரன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். அந்த அம்மாள் சிரித்தார். கணவர் போனபிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"அச்சா!" என்றாள் அத்தை.