முதியோரும் வீதியும்

வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் வெளியே செல்வதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டால், "கால் தளர்ந்துவிட்டது" என்று நாம் எளிதிற் காரணம் கூறிவிடுகின்றோம். தளர்ந்த காலோடு பொருந்தாத வீதியும் அதற்கு ஒரு காரணமாதல் கூடும். சிறு கணக்கொன்றால் இதனை ஆராய்வோம்.

வீதியொன்றின் அகலம் 12 மீற்றர் எனக் கொள்வோம். பாதசாரி விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்ற அடிப்படையிலேயே பல நாடுகளிற் கடவை விளக்குகளின் நேரம் வகுக்கப்பட்டது. அவ்வாறாயின் இவ்வீதியைக் கடக்க 10 விநாடி போதும். ஆனால் 65 வயதும் அதற்கு மேலுமானோரின் சராசரி நடைவேகம் ஆண்களில் 0.9 மீற்றர், பெண்களில் 0.8 மீற்றரே என்று இங்கிலாந்தில் நடைபெற்று 2012 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. ஆகவே மூதாட்டி ஒருவருக்கு 15 விநாடி வேண்டும். பத்தாவது விநாடியில் விளக்கு மாறும்போது, அவர் கடக்கவேண்டிய தூரம் இன்னும் 4 மீற்றர் உளது.

இக்குறை தீர்க்க முடியாததன்று. சிங்கப்பூரில் 2009 முதல், முதியோர் தம் அட்டையைக் கடவைக் கம்பத்திற் காட்டினால், வீதியின் அகலத்திற்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை மேலதிக நேரம் கிடைக்கின்றது. அகன்ற வீதியின் நடுவே ஒரு சிறு திட்டு அமைத்தாலும் போதும். முதியவர் ஒருமுறை ஒரு பக்கத்து வாகனங்களை மட்டும் பார்த்துப் பாதி வழி கடந்து, நின்று இளைப்பாறலாம்.

நம் நாட்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுமக்கள் செல்லும் இடங்களுக்குச் செல்ல, வயது எவருக்கும் தடையாகலாகாது என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் முதியவரைத் தடுப்பதற்கு வாயிற்காவலன் வேண்டுவதில்லை. பஸ்ஸின் உயர்ந்த முதற்படியே போதும். பஸ் நடைபாதையோரம் அணையாது நடுவீதியில் நிற்குமாயின், அப்படி மேலும் உயர்ந்துவிடுகின்றது. ஏறியவர் இருக்கையில் அமருமுன் "ரைட்" என்ற குரல் எழுந்தால், கைபிடிக்கும் அவகாசமும் இல்லை.

வீதியைத் திருத்துவது அரசினதும் உள்ளூராட்சி மன்றங்களினதும் கடமை. எனினும் விளக்கில்லாக் கடவைகளே நம்மூர்களில் மிகுதி. அங்கே முதியவருக்கு விளக்காவது சாரதியின் பொறுமையே. பஸ்ஸில் அது நடத்துநரின் பொறுமையாகின்றது. மாணவர்களாகிய நீங்கள் ஓரிருவராயினும் அவருடன் அவர் நடைக்கேற்ப நடந்து வீதியைக் கடப்பீராயின், அது அவருக்குத் துணையாகும்.

நாம் அளிக்கவேண்டியது ஐந்து விநாடி மட்டுமே. அது கிடையாதவிடத்து முதியவர் இழப்பது கோயிலையும், சந்தையையும், மருத்துவமனையையும், பழைய நண்பரின் வீட்டுத் திண்ணையையுமாகும்.