மிதிவெடியை மறிக்கும் துணிக்கு முதுகு இல்லை, தெரியுமா?

கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் மிதிவெடி அகற்றுபவர்கள் அணிகிற அந்தத் தடித்த மேலங்கியைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கழுத்திலிருந்து தொடைவரை முன்பக்கம் முழுக்க மூடியிருக்கும். சுற்றிப் பின்னால் போய்ப் பாருங்கள்: நாலைந்து பட்டிகள், அவ்வளவுதான். முதுகே இல்லை!

காசு மிச்சம் பிடிக்கிற வேலை இல்லை இது. மிதிவெடி வெடித்தால் மண்ணையும் அள்ளிக்கொண்டு மேல்நோக்கி விரிந்து பாயும். அகற்றுபவரோ எப்போதும் அதற்கு முகம் கொடுத்து, பெரும்பாலும் முழந்தாளில் இருப்பார். ஆபத்து முன்னுக்கு, ஆகவே கவசமும் முன்னுக்கு. முதுகைத் திறந்து விட்டால் உடம்புச் சூடு வெளியே போகும். பளைப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்தக் கனத்தைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வெக்கை தாங்காமல் கழற்றி வைத்த கவசம் யாரைக் காப்பாற்றும்?

அந்தத் துணிக்குள் இருக்கும் நூலைக் கண்டுபிடித்தது ஒரு பெண், தெரியுமா? ஸ்டெஃபனி க்வோலெக். தாயார் தையல்காரி, மகளுக்கும் சின்ன வயதில் ஆடை வடிவமைப்பாளராகத்தான் ஆசை. பிறகு மருத்துவம் படிக்க நினைத்து, அதற்குக் காசு சேர்க்கத்தான் அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் இரசாயன வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்தவர் திரும்பிப் போகவே இல்லை! 1965இல் கார் ரயருக்குப் பாரம் குறைந்த, பலமான நூல் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் கையில் வந்தது கலங்கிப்போன, மோர் போல ஓடுகிற ஒரு கரைசல். இப்படியானதை எல்லோரும் வழக்கமாக ஊற்றிவிடுவார்கள். நூல் இழுக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், துளையெல்லாம் அடைத்துவிடும் என்று முதலில் மறுத்தார். க்வோலெக் விடவில்லை. இழுத்துப் பார்த்தால், நைலோன் அறுந்துபோகும் இடத்தில் இது அறவில்லை! எடைக்கு எடை வைத்தால் உருக்கைவிட 5 மடங்கு பலம். அதுதான் கெவ்லார். காப்புரிமையை நிறுவனத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். 2014இல் தன் 90ஆவது வயதில் காலமானார்.

அந்த நூலின் நிறம் என்ன, தெரியுமா? பொன்மஞ்சள்! நாம் வெளியில் பார்க்கும் நிறமெல்லாம் உறைத்துணியின் நிறம். அந்த உறை அழகுக்கு இல்லை. வெயில் பட்டால் கெவ்லார் மஞ்சளிலிருந்து மண்ணிறமாகிப் பலம் இழக்கும். நனைந்தாலும் துண்டு மறிக்கும் திறன் குறையும். வன்னியில் வேறென்ன இருக்கிறது? ஆறேழு மாதம் வெயில், பிறகு மாரி, நடுவில் வேர்வை. ஆகவே இரும்புத் துண்டை மறிக்கிற துணியை வெயிலிலிருந்து காக்க இன்னொரு துணி! தோய்க்கும்போது குளோரின் கலந்த வெளுப்பானும் ஆகாது.

இன்னொன்று கேட்டால் திடுக்கிடுவீர்கள். இந்த அங்கிக்கு உலக நியமம் கேட்பது என்ன? 1.1 கிராம் உருக்குத் துண்டு செக்கனுக்கு 450 மீற்றர் வேகத்தில் வந்தாலும் ஈடுகொடுக்க வேண்டும். ஒலியையே முந்துகிற வேகம்! ஆனால் அந்த அளவை எப்படிக் குறிக்கிறார்கள், தெரியுமா? சுட்ட துண்டுகளில் பாதி நின்று, பாதி துளைத்துப் போகும் வேகம்தான் அந்த எண். பாதிதானா என்று பயப்பட வேண்டாம். வேகம் அதற்குக் கீழே இறங்க இறங்க, துளைக்கும் வாய்ப்பும் விறுவிறென்று இறங்கிவிடும்.

சரி, கைக்கு என்ன கவசம்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கைக்கு அகப்படுகிற மண்ணின் இறுக்கத்தை விரல் உணர வேண்டும். கனத்த கையுறை போட்டால் அது நடக்காது. அப்படியென்றால்? கருவியின் பிடிதான் கவசம்! பல் வைத்த வாரியால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து மிதிவெடியை வெளியில் எடுக்கும் முறை, நோர்வே மக்கள் உதவி அமைப்பின் ஆட்களோடு சேர்ந்து இலங்கையிலேயே உருவானது. வன்னியில் அதிகம் அகப்படும் பாகிஸ்தான் தயாரிப்பான பி4 மிதிவெடியில் வெடிமருந்து ஏறக்குறைய 30 கிராம்தான். பாதத்தைப் பறிக்க அது போதும். ஆனால் வெடியின் அமுக்கம் தூரம் கூடக்கூட அதிவேகமாகக் குறையும். நீளப் பிடி ஒன்று தருகிற காப்பை எந்த நெசவாலை தரும்? சொல்லப்போனால், இந்தத் துறையில் யாரும் கண்டுபிடித்த மிகச் சிறந்த “ஆடை” அந்த இடைவெளிதான் என்பேன்.

கெவ்லாருக்கு வெகு முன்னால் குண்டை மறிக்க எதைப் போட்டார்கள்? பட்டு! சிக்காகோவில் காசிமிர் ஸெக்லென் என்ற பாதிரியார் 1890களில் குண்டு துளைக்காத பட்டுச் சட்டைக்குக் காப்புரிமை பெற்றார். சேர்ச்சுக்குள் இருந்தபடி! குண்டை விட்டுத் தண்ணீரை மறிக்க மழையங்கி செய்த சார்ல்ஸ் மக்கின்ரொஷின் கதை வேறு: 1823இல் இரண்டு துணிகளுக்கு நடுவே இறப்பரைப் பூசினார், தண்ணீர் புகவில்லை, ஆனால் சூடு பட்டால் பிசுபிசுத்தது. நம்மூருக்கு அனுப்பியிருந்தால் ஒரு கிழமைகூடத் தாங்கியிராது. நோயை மறிக்கும் துணியும் உண்டு: 2020இல் கொரோனா வந்தபோது, இந்தியாவில் மருத்துவர்களின் முழு உடையைச் செயற்கை இரத்தம் ஊற்றிச் சோதித்துச் சான்று கொடுத்தது கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். அதே வருடம் இலங்கை ஆடைத் தொழிற்சாலைகளும் முகக்கவசம், காப்பு உடை என்று மாறித் தைத்தன. கிளிநொச்சியிலும் ‘விடியல்’, ‘வானவில்’ என்ற பெயர்களில் ஆடைத் தொழிற்சாலைகள் உண்டு. மாவட்டத்தின் ஒரு பக்கம் வெளிநாட்டுக்கு உடுப்புத் தைக்கும் பெண்கள், மற்றப் பக்கம் கெவ்லார் போட்டு மண் வாரும் பெண்கள்!

ஆம், ஹலோ ட்ரஸ்ட் போன்ற மிதிவெடி அகற்றும் அமைப்புகளில் வேலை செய்வோரில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அதில் அடக்கம். இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது; அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க 2028 ஜூன் வரை தவணை.

கடைசியாக, மிதிவெடி அகற்றுபவர் முகத்துக்குப் போடும் கவசம். கண்ணாடியா அது? இல்லை, பொலிகார்பனேற், குறைந்தது 5 மில்லிமீற்றர் தடிப்பு. அடிபட்டால் சில்லுச் சில்லாய் உடையாமல் வளைந்து கொடுக்கும். கீழ் விளிம்பு மேலங்கியின் கழுத்துப்பட்டைக்குள் இறங்கி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தொண்டை வெளியில். மணல் ஒட்டிய துணியால் துடைத்தால் கீறல் விழும், கீறல் விழுந்தால் மண்ணில் இருப்பது தெரியாது. பெற்றோல் பட்டால் வெடிப்பு விழும். சந்திரனுக்குப் போன அப்பலோ வீரர்களின் தலைக்கவசக் குமிழும் இதே பொலிகார்பனேற்தான், தெரியுமா? வெயிலுக்கு அவர்களுக்குத் தங்கம் பூசிய மேல்மறைப்பு ஒன்று இருந்தது. முகமாலையில் அதற்குத் துணித் தொப்பி!